முதியோர் இல்லத்தில் மருந்து: யார் வைத்திருப்பது, யார் கொடுப்பது, யார் கவனிப்பது

பலெர்மோவில் வாழும் தமிழருக்கு முதியோரின் மருந்துப் பெட்டி பழக்கமான பொருள். 1980களிலிருந்து இந்நகருக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழருட் பலர் இத்தாலியக் குடும்பங்களின் வீடுகளிலேயே முதலில் வேலை பெற்றனர். சமையலும் துப்புரவுமாகத் தொடங்கிய அவ்வேலை, வீட்டிலிருந்த முதியவர் தளர்ந்தபோது பராமரிப்பாக மாறியது. காலையில் எந்தக் குளிசை, இரவில் எத்தனை துளி என்பதை வைத்தியருக்கு அடுத்தபடியாக அறிந்திருந்தவர் அந்தப் பராமரிப்பாளரே. இன்று அம்முதியவர்களுட் சிலர் முதியோர் இல்லங்களுக்குச் செல்கின்றனர். நெடுநாள் பழகிய பராமரிப்பாளரும் பகலில் சில மணி நேரம் அங்கு சென்று துணையிருக்கிறார். இதற்கிடையில் முதலில் வந்த தமிழ்த் தலைமுறைக்கும் வயது ஏறிவிட்டது. அவர்களுக்கும் வீட்டுப் பராமரிப்புப் போதாத நாள் வருகிறது.

இவ்விரு நிலைகளிலும், மருந்துப் பையை இல்லத்தின் வாசலில் ஒப்படைப்பது ஒரு தமிழரின் கையாக இருக்கலாம். அந்த வாசலைத் தாண்டியபின் மருந்துக்கு யார் பொறுப்பு என்பதையும், குடும்பத்தினரும் பராமரிப்பாளரும் எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இல்லம் எவ்வகையைச் சேர்ந்தது?

முதலில் தெளிவாக்க வேண்டியது இதுவே. தமிழில் 'முதியோர் இல்லம்' என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. 'காசா டி ரிப்போசோ' என்பதும் சிறிய 'கொமுனித்தா அல்லோஜ்ஜோ' என்பதும் சமூகப் பராமரிப்பு நிலையங்கள். சிசிலியில் இவை 1986ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கப் பிராந்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உணவு, உறைவிடம், அன்றாட உதவி ஆகியவை அங்கு கிடைக்கும். வைத்தியப் பொறுப்போ பெரும்பாலும் முதியவரின் குடும்ப வைத்தியரிடமே இருக்கும். 'ஆர்.எஸ்.ஏ.' எனப்படுவது சுகாதார வதிவிடம். மாகாணச் சுகாதார நிறுவனமாகிய ஆஸ்பின் பன்முக மதிப்பீட்டுக் குழு முதியவரின் நிலையை ஆராய்ந்து அனுமதி வழங்கிய பின்னரே அங்கு பொதுச் செலவிலான இடம் கிடைக்கும். அங்கு வைத்தியரும் தாதியரும் பணியாற்றுவர்.

மருந்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரியது. சுகாதார வதிவிடத்தில் மருந்துக்கான அலுமாரி, அதன் திறப்பு, பதிவுத்தாள் ஆகிய அனைத்தும் தாதியரின் பொறுப்பில் இருக்கும். சமூகப் பராமரிப்பு இல்லத்தில் எல்லா மணி நேரமும் தாதி ஒருவர் இருப்பார் என்று எண்ணிவிட முடியாது. எனவே சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரவு பத்து மணிக்கும் ஞாயிறு பிற்பகலிலும் மருந்தைக் கொடுப்பவர் யார், அவருடைய தகைமை என்ன? இல்லத்தின் தோட்டத்தையும் உணவுப் பட்டியலையும் பார்த்துவிட்டு இதனைக் கேட்காமல் திரும்பும் குடும்பங்களே அதிகம்.

யார் கொடுக்கலாம்?

இத்தாலியில் தாதியரின் தொழிற்பரப்பை வரையறுப்பது 1994 செப்டெம்பர் 14ஆம் திகதிய 739ஆம் இலக்க அமைச்சு ஆணை ஆகும். வைத்தியர் எழுதிய சிகிச்சை சரியாக நிறைவேறுவதற்குத் தாதியே பொறுப்பு என்று அது கூறுகிறது. 'ஓ.எஸ்.எஸ்.' எனப்படும் சமூக-சுகாதார உதவியாளரின் பணி, அரசுக்கும் பிராந்தியங்களுக்கும் இடையே 2001 பெப்ரவரி 22இல் எட்டப்பட்ட உடன்பாட்டில் முதலில் விளக்கப்பட்டது. விதிக்கப்பட்ட மருந்தை முதியவர் சரியாக உட்கொள்ள அவர் உதவலாம். அதுவும் பொறுப்புள்ள பணியாளரின் அறிவுறுத்தலின்படியே.

இங்கே 'உதவுதல்' என்ற சொல்லின் எல்லையைப் புரிந்துகொள்வது அவசியம். தாதி எடுத்து வைத்த குளிசையை, தண்ணீரோடு, முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் விழுங்கச் செய்வது உதவி. எந்தக் குளிசை என்று பெட்டியிலிருந்து தெரிவது, இன்று குருதி அழுத்தம் குறைவு ஆகையால் அரைக் குளிசை போதும் என்று முடிவெடுப்பது, ஊசி ஏற்றுவது ஆகியவை அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. குடும்பம் அமர்த்திய பராமரிப்பாளர் இல்லத்தின் ஊழியரே அல்லர். அவர் பத்து ஆண்டுகள் அந்த முதியவருக்கு மருந்து கொடுத்து வந்திருக்கலாம். இல்லத்துக்குள் நுழைந்தபின் அப்பொறுப்பு அவரைவிட்டு நீங்குகிறது.

நடைமுறையில் இது எளிதாக இருப்பதில்லை. ஆட்குறைவான ஒரு மாலையில், 'உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே கொடுத்துவிடு' என்று ஒருவர் கூறும்போது மறுப்பதற்கு மனம் வராது. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. ஆனால் தவறு நேர்ந்தால் பதிவுத்தாளில் யாருடைய கையொப்பமும் இருக்காது. கொடுத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் எஞ்சும். மருந்து தயார் செய்யப்பட்டிருந்தால் விழுங்க உதவுவதாகவும், தெரிவு செய்து கொடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் பணிவாகச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை உண்டு. இல்லத்திலேயே துணைப் பணியாளராக வேலை செய்யும் தமிழருக்கும் இது பொருந்தும். எந்த மருந்தை, யாருக்கு, எப்போது என்பது எழுத்தில் இல்லாத வேளையில் வாய்மொழி உத்தரவை ஏற்பது ஆபத்தானது.

பூட்டும் வெப்பமும்

மருந்து அலுமாரி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் திறப்பு, பணிமுறையில் இருக்கும் பொறுப்பாளரின் கையில் இருக்க வேண்டும். மேசை இழுப்பறையிலோ கதவின் பின்னுள்ள ஆணியிலோ தொங்கும் திறப்பு, பூட்டு இல்லாததற்குச் சமம். ஒவ்வொருவரின் மருந்தும் தனித்தனியே, பெயரிடப்பட்டு, அதனதன் மூலப் பெட்டியில் விளக்கத்தாளோடு இருக்க வேண்டும். குளிசைகளை வெள்ளித்தாளிலிருந்து வெட்டியெடுத்துச் சிறு பைகளில் போடும்போது காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் மறைந்துவிடுகின்றன. வீட்டில் வசதிக்காகச் செய்யப்படும் இப்பழக்கத்தோடு எவரும் இல்லத்தின் வாசலுக்குப் போகலாகாது. பெட்டியோடு கொண்டுசெல்லும் மருந்தையே தாதி ஏற்பார்.

திறந்த திகதியைப் பெட்டியில் எழுதுவது சிறு செயல். அதன் பயன் பெரிது. கண்துளி மருந்தில் அச்சிடப்பட்ட காலாவதித் திகதி மூடிய போத்தலுக்கு உரியது. திறந்தபின் பெரும்பாலானவை சில வாரங்களே பயன்படுத்தத்தக்கவை. பாணி மருந்துகளும் அவ்வாறே.

இனி வெப்பம். 2021 ஆகஸ்ட் 11இல் சிசிலியின் சிராக்கூசாவை அடுத்த ஃபுளோரிதியாவில் 48.8 பாகை செல்சியஸ் பதிவானது. ஐரோப்பியக் கண்டத்தின் மிக உயர்ந்த வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு அதனைப் பின்னர் உறுதிசெய்தது. சிரொக்கோ காற்று வீசும் நாள்களில் பலெர்மோவின் வீடுகள் எப்படிக் கொதிக்கும் என்பதை இங்கு வாழ்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. பல குளிசைகளின் பெட்டியில் 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாமல் வைக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி வட ஐரோப்பாவில் எளிதாக நிறைவேறிவிடும். சிசிலியின் யூலை மாதத்தில், மேற்குப் பார்த்த யன்னலுக்கு அருகிலுள்ள அலுமாரியில் நிறைவேறாது. மருந்தறையில் வெப்பமானி உண்டா, குளிரூட்டல் இரவிலும் இயங்குகிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கான வரம்பு 2 முதல் 8 பாகை. அதற்கெனத் தனிக் குளிர்சாதனப் பெட்டி இருக்க வேண்டும். பாலும் பழச்சாறும் உள்ள சமையலறைப் பெட்டி நாள் முழுதும் திறந்து மூடப்படுவதால் அதன் வெப்பநிலை நிலைப்பதில்லை. இன்சுலின் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. திறவாத இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் மீண்டும் உருகினாலும் பயன்படாது. பயன்பாட்டிலுள்ள இன்சுலின் பேனாவை அறை வெப்பநிலையில், வகைக்கேற்ப ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். அந்த அறை 30 பாகையைத் தாண்டக் கூடாது. கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். குருதியில் சீனி ஏறியபின்தான் உண்மை தெரியும். பாமசியிலிருந்து இல்லத்துக்குப் போகும் வழியில் காரை வெயிலில் நிறுத்தி, மருந்துப் பையை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குப் போகும் அரை மணி நேரமும் இக்கணக்கில் சேரும்.

நோவு தீர்க்கும் ஓபியம் வகை மருந்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. போதைப்பொருள்களுக்கான 1990ஆம் ஆண்டின் 309ஆம் இலக்கச் சட்டத்தொகுப்பு இவற்றைத் தனியே வகைப்படுத்துகிறது. பராமரிப்பு நிலையங்களில் இவை தனிப் பூட்டின் கீழ், வரவு செலவுப் பதிவேட்டோடு வைக்கப்படுகின்றன. அதே வேளை, கடும் நோவுக்குச் சிகிச்சை பெறுவது நோயாளியின் உரிமை என்று 2010ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆகவே 'போதைமருந்து' என்ற சொல்லுக்கு அஞ்சிக் குடும்பத்தினர் அதனை மறுக்க வேண்டியதில்லை. தோலில் ஒட்டும் பெந்தனில் ஒட்டு பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். பழையதை அகற்றாமல் புதியது ஒட்டப்பட்டால், அல்லது அதன்மேல் சுடுநீர்ப் பை வைக்கப்பட்டால், உடலுள் செல்லும் மருந்து ஆபத்தான அளவுக்கு உயரும். குளிப்பாட்டும்போது முதுகில் இரண்டு ஒட்டுகளைக் காண்பவர் உடனே தாதியை அழைக்க வேண்டும்.

பூட்டு மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று

தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கு குறிப்பிடுவது பொருந்தும். எலிசபெத் வெட்லாஃபர் என்ற தாதி, 2007க்கும் 2016க்கும் இடையில், பெரும்பாலும் முதியோர் இல்லங்களில், தம் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு அளவுமீறிய இன்சுலினை ஏற்றினார். எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். 2017இல் அவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். நீதிபதி ஐலீன் கிலீஸ் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2019 யூலையில் 91 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டது. அவர் தாமாகவே முன்வந்து சொல்லியிராவிட்டால் அக்கொலைகள் வெளிப்பட்டிரா என்பதே அதன் மிக வருத்தமான முடிவு.

அங்கு மருந்தறைக்குப் பூட்டு இருந்தது. திறப்பு குற்றவாளியிடம் இருந்தது. ஓபியம் மருந்துகள் எண்ணிக் கணக்கிடப்பட்டதுபோல இன்சுலின் கணக்கிடப்படவில்லை. அது எப்போதும் குளிர்பெட்டியில் இருக்கும் சாதாரணப் பொருளாகக் கருதப்பட்டது. மருந்தறைக்குள் நடப்பது வெளியே தெரியும்படி கண்ணாடிக் கதவோ யன்னலோ அமைக்கவும், மருந்தை யார் எடுத்தார் என்பதைத் தானே பதியும் அலுமாரிகளை வாங்கவும், மருந்தாளரின் பங்கைக் கூட்டவும் இல்லங்களுக்கு நிதி வழங்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. இத்தகைய குற்றம் மிக அரிது. அதற்காகத் தாதியரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பெரும் அநீதி. ஆயினும் எண்ணிக்கை, பதிவு, பிறர் பார்வை ஆகிய மூன்றும் இல்லாத பூட்டு வெளியாரை மட்டுமே தடுக்கும் என்பதை அந்த அறிக்கை உணர்த்தியது.

தவறுகள் எங்கே நேர்கின்றன?

தீய எண்ணம் சிறிதும் இல்லாமல் நேரும் தவறுகளே பெரும்பாலானவை. 2009இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று 55 இல்லங்களில் வாழ்ந்த 256 முதியவர்களின் மருந்துகளை ஆராய்ந்தது. ஒருவர் சராசரியாக எட்டு மருந்துகளை உட்கொண்டார். எழுதுவது, பாமசியில் வழங்குவது, கொடுப்பது, பின்னர் கண்காணிப்பது ஆகிய படிகளில் ஏதோ ஒன்றிலாவது தவறு நேர்ந்திருந்தோர் பத்தில் ஏழு பேர். அத்தவறுகளிற் பல தீங்கின்றிக் கழிந்தன. எல்லாம் அவ்வாறு கழியும் என்பதற்கு உறுதி இல்லை.

இத்தாலியச் சுகாதார அமைச்சு 2008 மார்ச்சில் வெளியிட்ட ஏழாம் பரிந்துரை, மருந்துத் தவறுகளால் நேரும் மரணத்தையும் கடும் தீங்கையும் தடுப்பது பற்றியது. 2010இல் வந்த பன்னிரண்டாம் பரிந்துரை, பெயரிலோ தோற்றத்திலோ ஒத்திருக்கும் மருந்துகளைப் பற்றியது. சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக்கும் குழப்பத்துக்கு இடமளித்தமையால், லோசெக்கின் பெயரே அமெரிக்காவில் 1990இல் மாற்றப்பட்டது.

மருந்தின் பெயர் மட்டுமன்றி மனிதரின் பெயரும் குழம்பக்கூடும். தமிழர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும் சொந்தப் பெயரும் இருக்கும் வரிசை, இத்தாலிய ஆவணங்களில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று மாறி விழுகிறது. சுகாதார அட்டையில் ஒரு வரிசை, இல்லத்தின் பதிவில் இன்னொரு வரிசை, ஊழியர் நாக்குக்கு எளிதென்று வைத்த மூன்றாவது பெயர் என ஒரே முதியவர் மூவராகிவிடுகிறார். ஒரே எழுத்தில் தொடங்கி ஒரேபோல் முடியும் நீண்ட பெயருடைய இருவர் அருகருகே தங்கினால் நிலைமை மேலும் சிக்கலாகும். நினைவு மங்கிய முதியவர் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் தலையசைக்கக்கூடும். சுகாதார அட்டையில் உள்ளபடியே பெயரும் பிறந்த திகதியும் மருந்துத்தாளில் எழுதப்பட்டு, அருகில் நிழற்படம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று சேர்க்கும் நாளிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நாள்தோறும் அல்லாமல் வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டிய மருந்துகள் இன்னொரு பொறி. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட் குளிசை தவறுதலாக நாள்தோறும் கொடுக்கப்பட்டு மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை இடம்பெறச் செய்தது. எந்தக் கிழமை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

விழுங்க மாட்டாதவருக்குக் குளிசையை இடித்துக் கஞ்சியில் கலப்பது தமிழ் வீடுகளில் இயல்பாக நடைபெறுவது. 2019இல் வெளியான பத்தொன்பதாம் பரிந்துரை குளிசைகளை உடைப்பதையும் பொடிப்பதையும் பற்றியே பேசுகிறது. உடலில் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய குளிசையைப் பொடித்தால் ஒரு நாளுக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் உறையோடு வரும் குளிசை பொடிக்கப்பட்டால் பயன் கெடும். இதே மருந்து பாணியாகவோ துளியாகவோ கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேட்பதே முறையான வழி.

மருந்தை மறுப்பவருக்கு உணவில் ஒளித்துக் கொடுப்பது வேறொரு விடயம். சிகிச்சைக்குச் சம்மதம் தேவை என்பதை 2017ஆம் ஆண்டின் 219ஆம் இலக்கச் சட்டம் வலியுறுத்துகிறது. அன்பினாற் செய்தாலும் இது உறவினரோ துணைப் பணியாளரோ தாமாக எடுக்கும் முடிவு ஆகாது. இங்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை என்பதனால் மட்டும் ஒருவர் தாய்க்காகக் கையொப்பமிடும் சட்ட அதிகாரத்தைப் பெற்றுவிடுவதில்லை. முதியவர் தாமாக முடிவெடுக்க இயலாதபோது, 2004ஆம் ஆண்டின் ஆறாம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் நியமிக்கும் ஆதரவு நிர்வாகி அவருக்காகப் பேசலாம். இதற்கான விண்ணப்பத்தை நெருக்கடி வருமுன் தொடங்குவது உகந்தது.

அமைதிப்படுத்தும் மருந்து

மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் உதிர்வதுண்டு. முப்பது ஆண்டுகள் இத்தாலிய மொழியில் வேலை செய்த ஒருவர், இல்லத்தில் தமிழ் மட்டுமே பேசலாம். நோவு, தாகம், கழிப்பறைத் தேவை எதுவாயினும் அவர் கூப்பிடுவது சுற்றியிருப்போருக்கு வெறும் கூச்சலாகவே கேட்கும். கூச்சலுக்கு அமைதிப்படுத்தும் மருந்து எழுதப்படும் ஆபத்து அங்கே தொடங்குகிறது. மறதிநோய் உள்ள முதியவருக்கு மனநோய்த் தடுப்பு மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. சில வேளைகளில் அவை தேவைப்படலாம். ஆனால் காரணம், அளவு, மீளாய்வு செய்யும் நாள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்பு பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனப் பகல் முழுவதும் உறங்கினால், நடை தள்ளாடினால், விழுங்கும்போது இருமினால், மருந்து ஏதேனும் மாற்றப்பட்டதா என்று குடும்பத்தினர் கேட்க வேண்டும். இதைவிட முக்கியமாக, தமிழில் அவர் சொல்லும் பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு தாளில் இத்தாலிய எழுத்தில் எழுதி, பொருளையும் குறித்துக் கட்டிலருகில் ஒட்டி வைக்கலாம். 'நோகுது', 'தண்ணி', 'குளிருது' என்பன ஊழியருக்குப் புரிந்துவிட்டால் ஒரு குளிசை மிச்சப்படக்கூடும்.

ஒப்படைக்கும்போது

மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு, வீட்டிலிருந்து இல்லத்துக்கு என இடம் மாறும் வேளைதான் மருந்துத் தவறுக்கு மிக ஏதுவான வேளை. 2014இல் வந்த பதினேழாம் பரிந்துரை இவ்வேளையில் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டுச் சீர்செய்யும்படி கூறுகிறது. குடும்ப வைத்தியரின் மருந்துப் பட்டியல், மருத்துவமனையின் விடுவிப்புக் கடிதம், ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஆகியவற்றை மருந்துகளோடு சேர்த்துத் தாதியிடமே கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை மொந்தே பெல்லெகிரினோவில் சாந்தா ரொசாலியாவை வணங்கிவிட்டு அப்படியே இல்லத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. உறவாடுவதற்கு அது நல்ல நாள். மருந்தை ஒப்படைப்பதற்குப் பொறுப்பான தாதியும் வைத்தியரும் இருக்கும் வேலைநாளே ஏற்றது.

ஊரிலிருந்து வந்தவற்றை மறைக்கக் கூடாது. இலங்கையின் பனடோலும் இத்தாலியின் தாக்கிப்பிரினாவும் ஒரே பரசிற்றமோல்தான். இல்லத்தில் ஒன்றும் உறவினரின் கைப்பையிலிருந்து மற்றொன்றும் கொடுக்கப்பட்டால் ஈரலுக்குக் கேடு. சூரணம், இலேகியம், கசாயம் ஆகியவற்றையும் சொல்லியாக வேண்டும். தொண்டைக்கு நல்லதென்று தொடர்ந்து கொடுக்கப்படும் அதிமதுரம் குருதி அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். (இத்தாலியர் விரும்பிச் சுவைக்கும் லிக்குவிரீத்சியாவும் அதே வேர்தான், தாதிக்கு விளக்குவது எளிது.) தலையணையின் கீழோ மேசை இழுப்பறையிலோ 'தேவைக்கு' என்று வைத்துவிட்டு வரும் குளிசையை அடுத்த கட்டிலிலுள்ள மறதிநோயாளியும் எடுத்து விழுங்கலாம்.

விரதமும் மருந்தோடு தொடர்புடையதே. கந்தசஷ்டியின் ஆறு நாளும் உணவைக் குறைக்கும் நீரிழிவு நோயாளிக்கு வழமையான இன்சுலின் ஏற்றப்பட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். விரத நாள்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வைத்தியர் அளவை மாற்றலாம், அல்லது விரதம் வேண்டாம் என்று கூறலாம்.

தவறு நேர்ந்தால்

தவறான மருந்து உட்கொள்ளப்பட்டதாக ஐயம் எழுந்தால் காத்திருக்கலாகாது. தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை இருந்தால் 112ஐ அழைக்க வேண்டும். பெட்டியும் வெள்ளித்தாளும் எறியப்படாமல் வைக்கப்பட வேண்டும். தவறு செய்தவர் தமிழ்ப் பணியாளரே ஆனாலும், மறைப்பதைவிட உடனே சொல்வதே முதியவரைக் காக்கும். சொன்னவரையும் பின்னர் அதுவே காக்கும்.

என்ன நடந்தது என்பதை அறிய, உரிமையுள்ளவர் சுகாதார நிலையத்திடம் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கோரலாம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கையிலுள்ள ஆவணங்களை அந்நிலையம் ஏழு நாள்களுக்குள் வழங்க வேண்டும். காலாவதியான மருந்துகள், பூட்டப்படாத அலுமாரி, தகைமையற்றோர் ஊசி ஏற்றுதல் போன்றவை தொடர்ந்தால், முதலில் இல்லத்தின் பொறுப்பாளரிடம் திகதியிட்ட கடிதம் கொடுப்பது முறை. பயன் இல்லையெனில் மாகாணச் சுகாதார நிறுவனத்திடமும், சமூகப் பராமரிப்பு இல்லமாயின் மாநகர சபையின் சமூக சேவைப் பிரிவிடமும் முறையிடலாம். உணவு, மருந்து பற்றிய குற்றங்களை ஆராயும் கராபினியேரியின் 'நாஸ்' பிரிவு இல்லங்களைச் சோதனையிடும் அதிகாரம் உடையது.

முதியவர் இல்லத்தை விட்டு நீங்கும்போதோ காலமாகும்போதோ எஞ்சிய மருந்துகளின் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். அவற்றை அதே நோயுள்ள அயலவருக்குக் கொடுப்பதும், ஊருக்குப் போவோரிடம் கொடுத்தனுப்புவதும் பலரிடம் உள்ள பழக்கம். வெப்பத்தில் இருந்ததா, எப்போது திறக்கப்பட்டது என்று தெரியாத மருந்தைப் பெறுபவர் அதனை நம்பியே உட்கொள்வார். காலாவதியானவற்றையும் தேவையற்றவற்றையும் பாமசிகளில் வைக்கப்பட்டுள்ள மருந்துக் கழிவுப் பெட்டியில் இடலாம்; காகிதப் பெட்டியும் விளக்கத்தாளும் காகிதக் கழிவோடு போகும். ஊசிகளை அப்பெட்டியில் போடக் கூடாது. ஓபியம் ஒட்டுகள் எஞ்சியிருந்தால் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதச் செய்து, தாதியிடமே விட்டுவர வேண்டும்.